கம்பளையிலிருந்து நுவரெலியா ஏற ஜெல்லா, ரொட்டியா?

கம்பளைக்காரன்:
போன ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் கிளம்பினேன். 55 கிலோமீற்றருக்கு மேல், அதில் பெரும்பகுதி ஏற்றம். இதுவரை வாழைப்பழத்தை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன். இந்த முறை கொழும்பிலிருந்து ஒரு நண்பர் ஆறு எனர்ஜி ஜெல் (உறையைக் கிழித்து உறிஞ்சும் இனிப்புக் கூழ்) கொண்டுவந்து கொடுத்தார். 25 நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துச் சாப்பிட்டேன். புசல்லாவை தாண்டும்வரை கால் நன்றாக மிதித்தது. இறம்பொடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து முடிந்துவிட்டது, வயிறு கல்லாகிவிட்டது. சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தேன். அப்புறம் லபுக்கலை வரை பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஒரு கடையில் பிளேன்டீயும் பணிஸும் சாப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது.

என் முடிவு இதுதான்: ஜெல் நம் மலைக்கு ஆகாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கொட்டகலை:
மாற்றுக் கருத்தே இல்லை தம்பி. இருபது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், ஒரு ஜெல்கூட வாங்கியதில்லை. என் பையில் இருப்பது இரண்டு தேங்காய் ரொட்டி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, நாலைந்து புளிவாழைப்பழம். விடியக் காலையில் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு மலை ஏறித் தேயிலைக் கொழுந்து பறித்த வயிறுகள் நம் வீட்டு வயிறுகள். 50 கிராம் மாவில் சுட்ட ரொட்டி ஒன்றில் 37 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. ஒரு ஜெல்லில் 22 தான். விலையை ஒப்பிடவே வேண்டாம்.

ஊவாக்காற்று:
இரண்டு பேரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. கம்பளைத் தம்பி, ஒன்று கேட்கிறேன். ஐந்து ஜெல் எடுத்த அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? போத்தலில் இருந்தது வெறும் தண்ணீரா?

கம்பளைக்காரன்:
600 மில்லி போத்தல் ஒன்று. வெறும் தண்ணீர் இல்லை அக்கா. எனர்ஜி பானத் தூள் கரைத்திருந்தேன், உறையில் 36 கிராம் மாவுச்சத்து என்று போட்டிருந்தது.

ஊவாக்காற்று:
அப்படியென்றால் கணக்குப் பார்ப்போம். ஐந்து ஜெல், ஒன்றுக்கு 22 என்றால் 110 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு அது மணிக்கு 55 கிராம். இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை என்பது பொதுவான அளவு, ஆக ஜெல் கணக்கில் நீங்கள் தப்புச் செய்யவில்லை. தப்பு போத்தலில் நடந்தது. தூளின் 36 கிராமையும் சேர்த்தால் 146 கிராம். அது முழுக்க 600 மில்லி நீரில். 100 மில்லிக்கு 24 கிராமுக்கு மேல் வருகிறது! கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்கள் 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் அளவில்தான் இருக்கும், அதற்கும் ஒரு காரணம் உண்டு. அவ்வளவு கெட்டியான பாகு வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்காது. இறங்கினாலும் குடல் அதைக் கரைக்க உடம்பிலிருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். செங்குத்தான ஏற்றத்தில் இரத்தம் கால் தசைக்கு ஓடுவதால் குடலுக்கு வருவதும் குறைந்திருக்கும். உங்களுக்கு வாந்தி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சாதாரண ஜெல்லை வெறும் தண்ணீரோடு எடுக்க வேண்டும். ஒரு ஜெல்லுக்கு ஒரு கோப்பைத் தண்ணீராவது வேண்டும். தண்ணீர் இல்லாமலே எடுக்கலாம் என்று ஐசோடானிக் வகை ஒன்று வருகிறது. 60 மில்லி இருக்கும், தண்ணியாக இருக்கும். உங்களிடம் இருந்தது கெட்டி வகை என்று நினைக்கிறேன்.

கொட்டகலை:
கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது. பின்னாலேயே தண்ணீர் ஊற்றி வயிற்றைக் கெஞ்ச வேண்டிய சாப்பாடு எதற்கு? வாழைப்பழத்தில் முக்கால்வாசி தண்ணீர், அது தன் தண்ணீரைத் தானே கொண்டுவருகிறது. அவித்த உருளைக்கிழங்கும் அப்படித்தான். 2019இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 12 சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தை ஒரு முறை ஜெல்லாகவும் ஒரு முறை மசித்த உருளைக்கிழங்காகவும் கொடுத்து, இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வேகத்தைச் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரே பலன். வெறும் தண்ணீர் குடித்து ஓட்டியதைவிட இரண்டும் மேல். வெலிமடைக் கிழங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பொதியைத் தேடுவது எனக்குப் புரியவில்லை.

ஊவாக்காற்று:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும் அண்ணா. கிழங்கு சாப்பிட்டபோதுதான் வயிறு உப்பல், வலி, வாயு அதிகம். காரணம் அளவு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை 23 கிராம் ஜெல் கொடுத்த இடத்தில் 128 கிராம் கிழங்கு கொடுக்க வேண்டியிருந்தது. மணிக்கு அரைக் கிலோ. அதை இறம்பொடை வளைவுகளில் யாரால் தின்ன முடியும்?

ஹட்டன்மலை:
நான் இடையில் வருகிறேன். கொட்டகலை அண்ணாவின் ரொட்டியை நானும் நம்பி ஏமாந்திருக்கிறேன். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது கடித்த ரொட்டி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மெல்லவும் வேண்டும், மூச்சும் விட வேண்டும் என்றால் இரண்டும் நடக்காது. இன்னொன்று, துருவிய தேங்காயில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு. கொழுப்பும் நாரும் வயிற்றில் தங்கும். காலையில் கிளம்புமுன் அது நல்லது, பசி தாங்கும். ஏற்றத்தின் நடுவில் அதுவே சுமை.

கொழுந்து பறிக்கும் வேலை கடுமையான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நாள் முழுக்க நீளும் வேலை. ரொட்டி மெதுவாகச் செரிக்க நேரம் இருக்கிறது. நெஞ்சு படபடக்க ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் ஏறுவது வேறு.

கொட்டகலை:
ஏறிக்கொண்டே தின்னச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? ஏற்றம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் நின்று தின்னுங்கள். நிற்பது குற்றமா? போட்டி ஓடுகிறவர்களுக்கு ஒரு நியாயம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவனுக்கு ஒரு நியாயம். 2022இல் பெட்ரோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறியபோது எத்தனை பேர் புதிதாக ஓட்ட வந்தார்கள். அதில் விட்டுவிடாமல் இன்றும் ஓட்டுகிற பையன்கள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஜெல் இல்லாமல் தூரம் போக முடியாது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு சவாரிக்கு ஆறு ஜெல் வாங்கினால் அவன் அம்மாவின் ஒரு நாள் சம்பளம் போய்விடும். என் கோபம் அங்கேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தோட்டப் பாதையோரம் கிழிந்த ஜெல் உறைகள் கிடக்கின்றன. கொழுந்துக் கூடைக்குள்ளேயே ஒன்று வந்துவிட்டது என்று என் அக்கா கொண்டுவந்து காட்டினார். யார் போட்டது என்று தெரியாது. ரொட்டி சுற்றிய வாழையிலை மண்ணோடு போய்விடும், அந்த உறை போகாது.

ஹட்டன்மலை:
உறை விஷயத்தில் மறுபேச்சு இல்லை. கிழித்த முனை உட்பட ஜெர்சியின் முதுகுப் பைக்குள் போக வேண்டும். பிசுபிசுக்கும் என்றுதான் பலர் எறிகிறார்கள். நான் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறேன்.

விலையும் உண்மைதான். அதனால்தான் நான் நீண்ட சவாரிக்கு இரண்டு மட்டும் வைத்துக்கொள்கிறேன், கடைசி ஏற்றத்துக்கு. மற்றதெல்லாம் கடைச் சாப்பாடு: மாரி பிஸ்கட், வாழைப்பழம், பேரீச்சம்பழம். சொக்லேட் மட்டும் வேண்டாம். வெல்லவாய வெயிலில் கையில் உருகும், அதையே நானுஓயாக் குளிரில் எடுத்தால் பல் உடையும்.

கம்பளைக்காரன்:
கித்துள் பாணியை (கித்துள் மரத்துப் பாகை) சின்னப் போத்தலில் ஊற்றி, உப்பும் தேசிக்காய்ச் சாறும் கலந்து ஜெல் மாதிரி எடுத்துப் போகலாமா? வீட்டில் பாணி இருக்கிறது.

கொட்டகலை:
அருமையான யோசனை தம்பி. நல்ல பாணியாகப் பாருங்கள், சீனிப்பாகு கலந்த பாணி சந்தையில் நிறைய.

ஊவாக்காற்று:
இதில் நான் அண்ணாவோடு சேர்கிறேன். பாணியில் பெரும்பாலும் இருப்பது சுக்ரோஸ். அது குடலில் பாதி குளுக்கோஸாகவும் பாதி பிரக்டோஸாகவும் உடையும். குளுக்கோஸ் குடலுக்குள் போகும் வாசல் மணிக்கு 60 கிராம் அளவில் நெரிசலாகிவிடும், பிரக்டோஸுக்குத் தனி வாசல். அதனால்தான் விலை கூடிய ஜெல்களில் மால்டோடெக்ஸ்ட்ரினோடு (குளுக்கோஸ் சங்கிலியாகக் கோர்த்த மாவுப் பொருள்) பிரக்டோஸ் கலக்கிறார்கள், மூன்று மணி நேரம் தாண்டிய ஓட்டத்துக்கு மணிக்கு 90 கிராம் வரை போக முடிவதும் அதனால்தான். பாணியில் இரண்டும் இயற்கையாகவே இருக்கின்றன. கலப்படப் பாணி வாங்கினால் காசுதான் நட்டம், சீனியும் சுக்ரோஸ்தான் என்பதால் காலுக்குப் போகும் சக்தி குறையாது.

ஆனால் பாணிக்கும் அதே சட்டம் உண்டு. தண்ணீரோடு எடுக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரினை ஜெல்லில் போடுவது இனிப்புக் குறைவு என்பதால் மட்டுமல்ல, அதே கிராமுக்குக் குடல் தண்ணீரை இழுப்பதும் குறைவு. பாணி அந்த விஷயத்தில் ஜெல்லைவிட முரடு. நாலாவது வாய்க்குப் பிறகு இனிப்பு திகட்டும். இயற்கை என்பதற்காக வயிறு மன்னிக்காது.

கொட்டகலை:
திகட்டும்போது உப்புப் போட்ட கிழங்கு ஒரு கடி. அதற்குத்தான் கிழங்கு. தாகத்துக்கு வழியில் தம்பிலி இளநீர்.

ஊவாக்காற்று:
தம்பிலி குடியுங்கள், தடையில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். மஹியங்கனைப் பக்கம் வெயிலில் ஓட்டிவிட்டுத் தம்பிலியை மட்டும் நம்பினால் போதாது, கிழங்கில் இருக்கும் உப்புத்தான் காப்பாற்றும். சிலர் ஜீவனிப் பொதி (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துக்கொள்கிறார்கள். உப்புக்கு அது நல்லது, ஆனால் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அதையே சாப்பாடாக நினைத்து மிதித்தால் பாதி மலையில் கால் நின்றுவிடும். நுவரெலியாப் பக்கம் இன்னொரு ஏமாற்று உண்டு. குளிர்காற்றில் வியர்வை உடனே காய்வதால் தாகமே தெரியாது. கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டும்.

கம்பளைக்காரன்:
இன்று மறுபடி ஏறினேன், சொன்னதையெல்லாம் வைத்து. கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு ரொட்டி. இரண்டு போத்தல், இரண்டிலும் வெறும் தண்ணீர், புசல்லாவையில் மறுபடி நிரப்பினேன். அதுவரை 20 நிமிடத்துக்கு ஒரு சின்ன வாழைப்பழம். புசல்லாவையில் நின்று உப்புக் கிழங்கு 200 கிராம். இறம்பொடை ஏற்றத்தில் மிச்சமிருந்த ஒரு ஜெல், கூடவே தண்ணீர். அதற்கு மேல் பாணி, அரை மணிக்கு ஒரு மடக்கு. லபுக்கலையில் பிளேன்டீ. ஒரு இடத்திலும் தள்ளவில்லை. போனமுறை வாந்தி எடுத்த இடத்தில் வயிறு லேசாகப் புரண்டது, ஆனால் அடங்கிவிட்டது.

கொட்டகலை அண்ணா சொன்ன ரொட்டி காலைக்கு மிக நன்று. வளைவுகளில் எனக்கு உதவியது ஜெல்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

கொட்டகலை:
ஜெல்லா, அதற்கு முன் தின்ற 200 கிராம் கிழங்கா? ஒன்றே ஒன்று தின்றதற்கு இவ்வளவு பெருமையா தம்பி. ஜெல் இல்லாமல் பாணியோடு ஒரு முறை அந்த வளைவுகளை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஊவாக்காற்று:
அது நியாயமான கேள்வி. ஒரு நாளில் நாலு விஷயத்தை மாற்றிவிட்டு எது உதவியது என்று சொல்ல முடியாது. என் ஊகம், இரண்டாவது போத்தல். தம்பி, அடுத்த ஞாயிறு மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஜெல்லுக்குப் பதில் அதே 22 கிராம் வரும் அளவுக்குப் பாணி. அளவைப் பாணிப் போத்தலின் லேபிளைப் பார்த்து, வீட்டிலேயே தராசில் நிறுத்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

கம்பளைக்காரன்:
சரி அக்கா. இறம்பொடையிலிருந்து லபுக்கலை வரை இன்று 1 மணி 10 நிமிடம். அடுத்த வாரம் அதையும் எழுதுகிறேன்.