ஆறு பேர், ஒரு மேசை: மனசைத் தொட்டதைப் பகிர்ந்துக்கிறது எப்படி?

மைக்கறை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிவகாசியில ஒரு அச்சகத்துல டிசைனரா இருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. எங்க கூட்டத்துல ஆறு பேர். என்னையும் சேர்த்து ரெண்டு பேர் காலண்டர், ஒரு அண்ணன் பட்டாசு லேபிள், ஒரு தம்பி சுவர் எழுத்து, ஒருத்தர் புத்தக அட்டை, அப்புறம் பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சரா இருக்கிற ஒரு அக்கா. நானும் அந்த அக்காவும்தான் பொம்பளைங்க. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு மொட்டைமாடியில கூடுறோம். விதி ஒண்ணே ஒண்ணுதான். அந்த வாரம் நம்மைப் பிடிச்சு நிறுத்தின ஏதாவது ஒண்ணை ஆளுக்கு ஒண்ணா மேசையில கொண்டாந்து வைக்கணும்.

முதல் வருஷம் நல்லாப் போச்சு. காரைக்குடிப் பக்கம் இடிச்ச ஒரு வீட்டுல இருந்து ஆத்தங்குடிக் கல்லு ஒண்ணு வந்துச்சு, ஓரம் உடைஞ்சது. அக்கா அவங்க அம்மாவோட கண்டாங்கிச் சேலையைக் கொண்டாந்து கட்டம் எப்படி மடிப்புல மாறுதுன்னு காட்டினாங்க. இப்போ எல்லாரும் போனைத்தான் எடுத்து வைக்கிறோம். ஒரே ஆப், ஒரே மாதிரி படம். போன ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் போட்டப்போ நாங்க மூணு பேர் மூணு வேற வேற அச்சகத்துக்குப் பண்ணின டிசைன்ல அதே ரோஸ்-ஆரஞ்சு வானம், அதே மெல்லிசுக் கோட்டு யானை. யாரும் யாரையும் பார்த்துப் போடல. எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்திருக்கோம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இன்னொண்ணு. ரெண்டு மாசம் முன்னாடி லேபிள் அண்ணன் பேப்பர்ல வந்த ஒரு போட்டோவை வெட்டிக் கொண்டாந்தார். காசாவுல இடிஞ்ச சுவர் ஓரமா ஒரு அம்மா தண்ணிக் கேனைத் தூக்கிட்டு நடக்குறாங்க. "இது இங்க வேண்டாம், நாம கலை பேச வந்திருக்கோம்"னு ஒருத்தர் சொன்னார். அண்ணன் ஒண்ணும் சொல்லல. மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார். அடுத்த வாரத்துல இருந்து அவர் வரல.

உங்கள்ல யாராவது இப்படிக் கூட்டமா வேலை செஞ்சிருந்தா சொல்லுங்க. எதைக் கொண்டு வரச் சொல்றீங்க? எதைத் தடுக்குறீங்க? உலக நடப்பு மேசைக்கு வரலாமா கூடாதா?

---

கரிசல் தூரிகை:

கோவில்பட்டியில இருந்து எழுதுறேன்மா. வயசு அறுபத்தெட்டு. சின்னப் பையனா ஸ்டுடியோவுல நெகட்டிவ் டச்சப் பண்ணினேன், அப்புறம் முப்பது வருஷம் போர்டு எழுதினேன். நீ தேடுற ஆட்கள் உன் ஊருல இருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துல வாழ்ந்தவங்க. அவங்க போட்ட படத்தை உங்க ஊர் மெஷின்தான் லட்சம் லட்சமா அடிச்சுத் தள்ளுச்சு.

கொண்டையா ராஜு. 1898ல பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சார், ரமணர் ஆசிரமத்துல கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிக்கிட்டே ஊர் ஊராப் போய் நாற்பதுகள்ல எங்க ஊர்ல நிலைச்சார். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன்னு சீடர்கள் சேர்ந்தாங்க. 1976ல அவர் காலமானார். எங்க தெருவுல பூஜை அறையில அவங்க கை படாத படம் இருந்த வீடு எனக்கு ஞாபகத்துல இல்ல.

அந்தக் காலண்டர்ப் படத்தை ஒரு தடவை நெருங்கிப் பாரு. சாமியை விடு, சாமிக்குப் பின்னாடி பாரு. தூண் வரிசை உள்ள போகப் போகச் சின்னதாகும், திரைச்சீலை ஒரு பக்கம் ஒதுங்கி நிக்கும், அதுக்கும் அங்கிட்டு ஒரு தோட்டம், ஒரு குளம். அது தர்பார் படுதாம்மா! நாடகக் கொட்டகையில ராஜா வர்ற சீனுக்குத் தொங்க விடுறது. கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிறவன் கண்ணுக்கும் எட்டணும்னு எழுதி எழுதிப் பழகின கை, பத்து அங்குலத் தாள்லயும் அப்படியேதான் எழுதுச்சு. முகத்துல விழுற வெளிச்சம் போட்டோ ஸ்டுடியோவுல இருந்து வந்தது. நகையைத் தஞ்சாவூர்ப் படத்துல எடுத்தாங்க, உடம்பை ரவிவர்மா லித்தோ அச்சுப் படத்துல எடுத்தாங்க.

குருவும் சீடரும் சேர்ந்து ஒரே படத்துல ரெண்டு பேரோட கையெழுத்தையும் போட்டது உண்டு. தேடிப் பாரு, கிடைக்கும்.

நான் சொல்ல வர்றது இதுதான். காலண்டர்க்காரங்க காலண்டரைப் பார்த்துக் காலண்டர் போடல. கொட்டகையில இருந்து கொண்டாந்தாங்க. நீங்க ஆறு பேரும் டிசைனைப் பார்த்து டிசைன் பண்றீங்க. மூணு மாசத்துக்கு ஒரு கட்டுப்பாடு வைங்க: அச்சு ஆனது எதுவும், திரையில தெரியுறது எதுவும் மேசைக்கு வரக் கூடாது. கையில எடுத்துக் கொடுக்க முடியுற சாமான் மட்டும் வரட்டும். அது இன்னொருத்தன் தொழில்ல இருந்து வந்ததா இருக்கட்டும்.

---

இஞ்சம்பாக்கம் காற்று:

அண்ணாச்சி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் விலகுகிறேன். அவர் சொன்ன குருவும் சீடர்களும் போல எல்லாரும் ஒரே மாதிரி வரைய ஆரம்பித்தால்தான் கூட்டுக்கு அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் சென்னை ஓவியக் கல்லூரியில் எண்பதுகளில் படித்தேன். ஒரு ஆசிரியர் எங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய்த் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிறுத்துவார். பென்சில் எடுக்க விடமாட்டார். மதியம் வரை பார்க்க வேண்டும், திரும்பி வந்து ஞாபகத்தில் இருந்து வரைய வேண்டும். பன்னிரண்டு பேர் வரைந்தால் பன்னிரண்டு விதமாக வரும். எனக்கு மிஞ்சியது தூக்கிய காலின் கீழ் இருந்த வெற்றிடம் மட்டும்தான். பக்கத்தில் இருந்தவளுக்கு விரல்கள்.

சோழமண்டலம் ஓவியர் கிராமமும் அப்படித்தான். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் இஞ்சம்பாக்கத்து மணலில் ஆரம்பித்தது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் வாங்கிய நிலம். ஒரே கிணறு, ஒரே மணல். ஆனால் ஜெ. சுல்தான் அலி பழங்குடிகளின் வடிவங்களுக்குப் போனார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் முன்பக்கம் மட்டும் பேசும் சிற்பங்கள் செய்தார். பி.வி. ஜானகிராம், கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்துவிட்டுத் தகட்டைத் தட்டிச் சிலை செய்தார்.

பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா போய்வந்தவர், வான்கோவை நேசித்தவர். 1963 வாக்கில் அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்குப் பொறி தட்டியது ஒரு மாணவனின் கணக்கு நோட்டில்தான். எண்கள், இயற்கணித எழுத்துகள், நடுவில் மலையாள வரிகள். அந்தப் படங்களை நேரில் போய்ப் பாருங்கள். தூரத்தில் பழைய சாசனம் மாதிரி இருக்கும். கிட்டே போய் வாசிக்கலாம் என்று குனிந்தால் ஒரு எழுத்தும் எழுத்தாக நிற்காது. ஜாதகக் கட்டம் ஒன்று, ஒரு மீன், ஒரு கூட்டல் குறி, மறுபடி எழுத்து போல ஒன்று. நான் முதல் தடவை பார்த்தபோது என் பாட்டியின் மளிகைக் கணக்கு நினைவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அதனால் கொண்டு வருகிறவர் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும் என்று வையுங்கள்: எங்கே நின்று பார்த்தேன், அதில் எந்த இடம் என்னைப் பிடித்தது. "அழகா இருந்துச்சு" என்றால் செல்லாது.

---

பட்டறைக்காரி:

கோயம்புத்தூர். ஸ்க்ரீன் பிரின்ட்டிங் பட்டறை வச்சிருக்கேன். உலக நடப்பு மேசைக்கு வரலாமாங்கிற உங்க கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா அதைப் படிச்சதும் எனக்கு அந்த அண்ணனை நினைச்சு மனசு கனத்துப் போச்சு.

வரலாம். வந்தே ஆகணும். 1968 மே மாசம் பாரீஸ்ல ஓவியக் கல்லூரியை மாணவர்கள் கையில எடுத்துக்கிட்டு ராப்பகலா போஸ்டர் அடிச்சாங்க. யாரும் கையெழுத்துப் போடல. தினமும் பொதுக்கூட்டத்துல வரைவுகளை எல்லார் முன்னாடியும் மாட்டி ரெண்டு கேள்வி கேட்பாங்க. சொல்ற கருத்து சரியா? படம் அதைச் சரியாச் சொல்லுதா? ரெண்டுக்கும் ஆமான்னாதான் ஸ்க்ரீனுக்குப் போகும். அந்த ரெண்டாவது கேள்வியை மறந்துடாதீங்க. உங்க மேசையில செய்தியைப் பத்தி அரசியல் சண்டை போடணும்னு இல்ல. அந்தப் போட்டோவுல எது நம்மை நிறுத்துதுன்னு பேசலாமே.

எனக்கு இன்னும் நெருக்கமானவங்க மெடு கலைக் குழு. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சிக்குத் தப்பி, எல்லை தாண்டி போட்ஸ்வானாவோட காபரோனில கூடினவங்க. எழுபதுகளோட கடைசியில ஆரம்பிச்சது. ஓவியம், நாடகம், இசை, போட்டோ, எழுத்துன்னு எல்லாரும் ஒரே குழு. தங்களைக் கலைஞர்னு சொல்லிக்காம பண்பாட்டுத் தொழிலாளின்னு சொன்னாங்க. போஸ்டரை அடிச்சு எல்லைக்கு அந்தப் பக்கம் ரகசியமா அனுப்புவாங்க. 1985 ஜூன் 14ஆம் தேதி தென்னாப்பிரிக்க ராணுவம் காபரோனிக்குள்ள புகுந்து சுட்டுச்சு. செத்தவங்கள்ல அந்தக் குழுவோட ஓவியர் தாமி ம்ன்யேலேயும் ஒருத்தர்.

அவங்க போஸ்டர்ல முஷ்டி தூக்கின கை மட்டும் இல்ல, வேலை செய்யுற ஆட்கள் இருக்காங்க, பெண்கள் இருக்காங்க. ரெண்டு கலர், மூணு கலருக்குள்ள முடிச்சிருப்பாங்க. எந்தக் கலர் எங்க நிக்கணும்னு நான் கத்துக்கிட்டது அதுல இருந்துதான்.

மைக்கறை, நீங்க போய் அந்த அண்ணனைக் கூப்பிடுங்க. போன்ல வேண்டாம். வீட்டுக்கே போங்க.

---

கரிசல் தூரிகை:

இஞ்சம்பாக்கம் தம்பி சொன்னது சரி, ஒத்துக்கிறேன். கைதான் ஒண்ணா வேலை செய்யணும், கோடு தனித்தனியாத்தான் இருக்கணும். அந்தக் கணக்கு நோட்டு விஷயம் எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி தம்பி.

---

மைக்கறை:

நாலு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்லணும்.

அண்ணாச்சி சொன்ன கட்டுப்பாட்டை வச்சோம். போன் எல்லாம் அக்கா வீட்டு அரிசி டிரம் மேல. முதல் வாரம் சுவர் எழுத்துத் தம்பி கோடு அடிக்கிற நூலைக் கொண்டாந்தார். நூலை நீலப்பொடியில தோய்ச்சு, ரெண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிச்சு இழுத்து, நடுவுல சுண்டினா மேசையில ஒரே கோடு. பக்கத்துல போய்ப் பார்த்தா அது கோடே இல்ல, ரெண்டு பக்கமும் தூசி பறந்து நடுவுல மட்டும் கெட்டியா நிக்குது. காலண்டர் போடுறவர் அதைப் பத்து தடவையாவது சுண்டிப் பார்த்திருப்பார். கம்ப்யூட்டர்ல நாங்க போடுற கோட்டுக்கு அந்த ஓரம் இல்லன்னு அன்னிக்குத்தான் எல்லாரும் பார்த்தோம்.

அண்ணன் வீட்டுக்கு நானும் அக்காவும் போனோம். வேண்டாம்னு சொன்னவரும் கூட வந்தார். அவரே மன்னிப்புக் கேட்டார். அண்ணன் காபி போட்டுக் கொடுத்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தார், அதே சட்டைப்பையில அதே துண்டோட.

அன்னிக்கு நானும் கட்டுப்பாட்டை மீறினேன். தாத்தா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவர். அவரோட டப்பாவுல இருந்து ஒரு லேபிள் எடுத்துட்டுப் போனேன். ராக்கெட்டு, நிலா, ரெண்டு நட்சத்திரம். 1969ல மனுஷன் நிலாவுல கால் வச்ச கொஞ்ச நாள்ல வந்ததுன்னு அப்பா சொல்றார். மஞ்சள் மேல நீலம் ஏறி நிலா பச்சையாயிருக்கு. சிவப்பு ஒரு மயிரிழை விலகி விழுந்ததுல ராக்கெட்டு நடுங்குற மாதிரி இருக்கு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்ததும், லேபிள் வேணும்னு அச்சு வளர்ந்ததும் எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா உலகச் சேதி அடுப்படிக்குப் போனது இந்த ஒண்ணரை அங்குலத் தாள்லன்னு நான் யோசிச்சதே இல்ல. லேபிளை அண்ணனோட பேப்பர்த் துண்டுக்குப் பக்கத்துல வச்சேன். யாரும் எதுவும் விளக்கல.

பட்டறை அக்கா சொன்ன ரெண்டாவது கேள்வியைக் கேட்டோம். ரொம்ப நேரம் கழிச்சு அண்ணன், "கேனோட கைப்பிடி சின்னது, நாலு விரல் உள்ள போகல, ரெண்டு விரல்லதான் தூக்குறாங்க"ன்னார். அதுவரைக்கும் நாங்க யாரும் அதைக் கவனிக்கல. அடுத்த வாரம் அவர் அந்த ரெண்டு விரலையும் கைப்பிடியையும் மட்டும் வரைஞ்சு கொண்டாந்தார். லேபிளுக்கு எடுக்கிற அதே தூரிகை, கறுப்பும் ஒரு நீலமும். வேற எதுவும் இல்ல.

அதை ஆறு பேரும் சேர்ந்து நாங்களே கையால அடிக்கப் போறோம், ஐம்பது தாள், கையெழுத்து இல்லாம. எங்களுக்கு ஆஃப்செட்தான் பழக்கம், ஸ்க்ரீன் புதுசு. பட்டறை அக்கா, அந்த நீலத்தை முதல்ல அடிக்கணுமா, கறுப்பையா? தூரிகை காய்ஞ்சு இழுத்த மெல்லிசுக் கீறல் அழியாம வரணும்னா எந்த மெஷ் (ஸ்க்ரீன் துணியோட கண்ணி) எடுக்கணும்?