கும்மிப் பாட்டு + பறை + சின்த்: சிங்கிள் வெளியீட்டுக்கு முன்னாடி நாலு சந்தேகம்

தறிச்சத்தம்:
பழைய கும்மிப் பாட்டு ஒன்னை வச்சு எலக்ட்ரானிக் பாப் சிங்கிள் தயாராகுது. குரல் ஊர்ல கும்மி பாடுற ஒரு அம்மாவோடது, கிளிக் (தாளம் காட்டுற டிக்-டிக் ஒலி) இல்லாம பதிவானது. பறை நேரடிப் பதிவு. மத்ததெல்லாம் சின்த்தும் (சின்தசைசர்) 808 கிக்கும் (எலக்ட்ரானிக் டிரம்மோட கனமான அடி). பறையும் கிக்கும் சேர்ந்தா அடியில ஒரே கலங்கல். குரல் கிரிட்டுல (சாஃப்ட்வேரோட தாளக் கட்டம்) உட்கார மாட்டேங்குது. அப்புறம், பாடலாசிரியர்னு யார் பேரைப் போடுறது, ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களுக்கு எத்தனை நாள் முன்னாடி அனுப்புறது?

அடிக்குச்சி:
பறையோட அடிப்பகுதியைக் காப்பாத்த நினைக்காதீங்க, அது கிக்குக்கு. பறையில 90 ஹெர்ட்ஸ் சுத்தி ஹை-பாஸ் (அதுக்குக் கீழ இருக்கிறதை வெட்டுற ஃபில்டர்) போடுங்க. சிண்டுக்குச்சி (நீளமான மெல்லிய குச்சி) விழுற ‘சுளீர்’ 3-5 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கும், ஆளை நிமிர வைக்கிறது அதுதான். அதைக் கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் குறைக்கிற கருவி) விழுங்கிடக் கூடாது. அட்டாக் (அது அமுக்க எடுத்துக்கிற நேரம்) 20-30 மில்லிசெகண்ட் விடுங்க. முன்னாடி ஒரு மைக், பின்னாடி ஒரு மைக்னு வச்சிருந்தா பின் மைக்கோட போலாரிட்டியை (ஒலி அலையோட மேல்-கீழ் திசை) திருப்பிக் கேளுங்க. பாதி கலங்கல் அங்கயே தீரும்.

808 பாட்டோட சுருதியில இருக்கான்னும் பாருங்க. அரைச் சுரம் விலகினாலும் பறை மேல பழி விழும்.

தறிச்சத்தம்:
நன்றி. முதல் டேக்கையும் (ஒரு தடவை வாசிச்ச பதிவு) கடைசி டேக்கையும் ஒட்டினா பறை வேற பறை மாதிரி கேக்குதே?

அடிக்குச்சி:
தோல் ஆறிப்போச்சு. காய்ச்சின சூடு இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும், காத்துல ஈரம் இருந்தா இன்னும் இறங்கும். திரும்ப எடுக்கிறதா இருந்தா டேக்குக்கு டேக் காய்ச்சச் சொல்லுங்க. முடியாதுன்னா கடைசி டேக்கோட சுருதியைக் கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க, பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆயிடும். ஒரே டேக்ல இருந்து லூப் (திரும்பத் திரும்ப ஓடுற துண்டு) வெட்டுங்க.

திசுரநடை:
கும்மி பெரும்பாலும் திசுர நடை (மூணு மூணா போற தாளம்). நீங்க பதினாறா வெட்டின கிரிட்டுல அதைப் பிடிச்சுத் திணிக்கிறீங்க. டிரிப்லெட் (மூணா வெட்டின) கிரிட்டுக்கு மாத்துங்க, ஹை-ஹேட்டையும் (டிரம் செட்டோட இரட்டைத் தட்டு) சேர்த்து. வார்ப் மார்க்கர் (குரலை இழுத்துத் தாளத்தோட சேர்க்கிற புள்ளி) கைத்தட்டு விழுற எழுத்துல மட்டும் போதும். ஒவ்வொரு அசைக்கும் போட்டா பாட்டு செத்துடும். ஆட்டோ-ட்யூனை (சுருதி திருத்துற கருவி) வேகமா வச்சா இழுவையெல்லாம் படிக்கட்டாயிடும். குரல் எந்தச் சுருதியோ அதுக்குச் சின்த்தை நகர்த்துங்க, வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதியிலயே நிக்கணும்னு ஒன்னும் இல்ல.

மாஸ்டர்_காப்பி:
வெளியீட்டுக்கு வரேன். 24 பிட் வேவ் ஃபைல், அட்டைப்படம் 3000 × 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ்க்கு (பாட்டோட சராசரி சத்த அளவு) இறக்கிடும், -8க்கு நசுக்கினா பறைதான் முதல்ல அடிபடும். ட்ரூ பீக் (சத்தத்தோட உச்சம்) -1 டெசிபலுக்குக் கீழ வைங்க.

3-4 வாரம் முன்னாடி அனுப்புங்க. ஸ்பாட்டிஃபைல பிட்ச் பண்ண (அவங்க பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க) குறைஞ்சது 7 நாள் வேணும். அப்பதான் உங்களைப் பின்தொடர்றவங்களோட ரிலீஸ் ரேடார்ல (புதுப் பாட்டு பிளேலிஸ்ட்) நீங்க பிட்ச் பண்ணின பாட்டு வரும். கலைஞர் பேரோட எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்து மாறினாலும் புதுப் பக்கம் திறந்துடும்.

பேர் விஷயம்தான் பெருசு. பழம்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, மரபுப் பாடல்னு குறிச்சு, இசைக்கோர்ப்புக்கு (அரேஞ்ச்மென்ட்) உங்க பேர். ஆனா கேசட்டுக்காக ஒரு கவிஞர் சேர்த்த சரணம் உள்ள இருந்தா, அவர் காலமாகி 60 வருஷம் வரை பதிப்புரிமை இருக்கும். அந்த அம்மா சொந்தமா கட்டின வரி இருந்தா, அவங்கதான் பாடலாசிரியர். அது இல்லாட்டியும் பாடினவங்களுக்கு நிகழ்த்துநர் உரிமை 50 வருஷம் உண்டு. தொகை, பங்கு ரெண்டையும் தமிழ்ல எழுதி, வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க. முதன்மைக் கலைஞராவே அவங்க பேரைப் போடுங்க. ‘நாட்டுப்புறக் குரல்’னு மொட்டையா போடுறது அநியாயம்.

இன்னொன்னு: ரெடிமேட் லூப் ஏதாவது வச்சிருந்தா யூடியூப் கன்டென்ட் ஐடியை (ஒரே ஒலியைக் கண்டுபிடிச்சு உரிமை கோர்ற வசதி) டிக் பண்ணாதீங்க. அதே லூப் இருக்கிற அடுத்தவங்க வீடியோ மேலயெல்லாம் உங்க பேர்ல கிளெய்ம் விழும்.

தறிச்சத்தம்:
ஷேக்கர் லூப் ஒன்னு இருக்கு. கையாலயே வாசிச்சு மாத்திடுறேன்.