5 லீவர் பித்தளைப் பூட்டு பாதியிலேயே இறுகி நிற்கிறது, எங்கே தப்பு?

பாளைவாசி:
வணக்கம். பூட்டு திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிற அண்ணாச்சிமார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பட்டாசலில் ஒரு தேக்குப் பெட்டி கிடக்கிறது. அதில் பழைய திண்டுக்கல் பித்தளைப் பூட்டு ஒன்று தொங்குகிறது. நல்ல கனம், முகப்பில் '5 லீவர்' என்று வெட்டியிருக்கிறது. சாவி தாத்தா காலத்திலேயே தொலைந்துபோனது. உள்ளே நிலப் பத்திரம் இருக்கலாம் என்று ஆச்சி நினைக்கிறார்கள். "திறந்து பாரேன்" என்று அவர்களே சொல்லியாச்சு. ஆனால் அறுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. எனக்கும் அதில் மனசில்லை.

நான் இதுவரை பழகியதெல்லாம் பின் (pin) பூட்டுகள்தான், அதாவது உள்ளே இருக்கிற குட்டி உலோக ஊசிகளைச் சாவி தூக்கினால் உருளை திரும்புகிற வகை. உள்ளே தெரிகிற கண்ணாடிப் பயிற்சிப் பூட்டில் தொடங்கி, இப்போது கடையில் கிடைக்கிற சாதாரணத் தொங்கு பூட்டுகள் வரை திறக்க வருகிறது. இதன் சாவித்துளையோ மேலே வட்டம், கீழே நேர் வெட்டு. வழக்கமான பிக் (பூட்டு திறக்கிற கம்பிக் கருவி) எதுவும் உதவவில்லை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து இரண்டு கருவி செய்தேன். ஒன்று உள்ளே இருக்கிற தாழைத் தள்ள, இன்னொன்று லீவர்களைத் தூக்க.

தாழுக்கு அழுத்தம் கொடுத்தால் ஒரு லீவர் இறுகுகிறது. அதைத் தூக்கினால் தாழ் மயிரிழை நகர்கிறது. அடுத்தது இறுகும், அதையும் தூக்குவேன். அதற்குப் பிறகு எதுவுமே அசைய மாட்டேன் என்கிறது. எந்த லீவரைத் தொட்டாலும் ஒரே மாதிரி இறுக்கம். என்ன செய்யலாம்?

ஊர்சுற்றி:
ஒரு ஆக்சா பிளேடு, கால் மணி நேரம். பூட்டைவிடப் பத்திரம்தானே முக்கியம்?

பாளைவாசி:
அவசரம் ஒன்றும் இல்லை அண்ணே. ஆச்சிக்கு அந்தப் பூட்டும் முக்கியம்.

சாவிக்கொத்து:
அறுக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கைவேலைப் பூட்டு இனி அதே மாதிரி கிடைக்காது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இழைக்கிற கைகள் குறைந்துகொண்டேதான் வருகின்றன.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள். பின் பூட்டில் நீங்கள் திருப்பப் பார்ப்பது உருளையை. இதில் உருளையே கிடையாது. ஐந்து பித்தளைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முனையில் ஆணியில் மாட்டியிருக்கும், ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டில் ஒரு வெட்டு உண்டு. தாழில் ஒரு முளை நிற்கும். ஐந்து வெட்டும் முளைக்கு நேராக வந்தால்தான் தாழ் பின்னுக்குப் போய் வளையத்தை விடும். குறைவாகத் தூக்கினாலும் வழி அடைபடும், அதிகமாகத் தூக்கினாலும் அடைபடும். 1778-ல் ராபர்ட் பேரன் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே இந்த இரட்டைத் தடைக்குத்தான். பின் பூட்டில் பழகிய கை கொஞ்சம் தாராளமாகவே தூக்கும். அதைக் குறைக்க வேண்டும்.

தாமிரபரணிக்கரை:
தாழுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்? ஸ்போக்ஸ் கம்பி வளைகிற அளவுக்குக் கொடுத்தால் ஐந்து லீவரும் ஒரே நேரத்தில் முளையில் உரசும். எது உண்மையில் இறுகுகிறது என்று கைக்குத் தெரியாது.

பாளைவாசி:
கம்பி லேசாக வளையும் அளவுக்குத்தான். குறைத்தும் பார்த்தேன், அப்போதும் அதே கதைதான்.

பேட்டை ரிப்பேர்க்காரர்:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. தாழை விட்டுவிட்டால் லீவர்கள் கீழே விழுகிற சத்தம் வருதா? காதைப் பூட்டோடு ஒட்டிவைத்துக் கேளு. நல்ல நிலையில் இருக்கிற பூட்டு என்றால் விட்டதும் டிக், டிக் என்று தனித்தனியாக விழும். விரலுக்கும் தெரியும்.

பாளைவாசி:
இல்லை அண்ணாச்சி. விட்டால் ஒரு சத்தமும் இல்லை. கம்பியால் கீழே தள்ளினால்தான் மெதுவாக இறங்குகிறது.

பேட்டை ரிப்பேர்க்காரர்:
அப்படியென்றால் உன் கையில் குறை இல்லை. லீவர் ஒட்டிக்கிடக்கு. தூக்கினது தூக்கின இடத்திலேயே நிற்குது, முதல் தடவை அதிகமாகத் தூக்கினதும் அங்கேயே தொங்குது. நீ எத்தனை தடவை விட்டுப் பிடித்தாலும் அது புதிதாகத் தொடங்கினதாக ஆகாது.

வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூட்டுக்கு எண்ணெய் விடுவார்களா?

பாளைவாசி:
ஆமாம். விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெய்தான். சாவி இருந்த காலத்திலிருந்தே அந்த வழக்கம், தொலைந்த பிறகும் நிற்கவில்லை என்கிறார்கள் ஆச்சி.

பேட்டை ரிப்பேர்க்காரர்:
நினைத்தேன். நம்ம பக்கம் பாதி வீட்டில் இதுதான். விட்ட அன்றைக்கு வழுவழுவென்று இருக்கும். நாள் போகப் போக தூசியோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடும். அதோடு பித்தளைக் களிம்பும் சேரும். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளியே கிடையாது, மெல்லிய பசை போதும் ஸ்பிரிங்கைத் தோற்கடிக்க.

பூட்டு பெட்டியில் தொங்குவதால் ஊறவைக்க முடியாது. இப்படிச் செய். பெட்டிமேல் பழந்துணி போடு, பூட்டுக்குக் கீழே ஒரு கிண்ணம். பூட்டைச் சாவித்துளை மேலே பார்க்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விடு. சிறிது நேரம் அப்படியே பிடி. கம்பியால் ஒவ்வொரு லீவரையும் மேலே தூக்கி, கீழே இறக்கு. பிறகு பூட்டைக் கவிழ்த்தால் கறுப்பாக வடியும். அது தெளிவாக வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டபிள்யூடி-40 போதும். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவை.

இரண்டு நாள் காயவிட்டு, 6பி பென்சில் முனையைச் சீவி, அந்தக் கிராஃபைட் தூளைக் கொஞ்சமாக ஊது. மறுபடி எண்ணெய் விடாதே. கிராஃபைட்டும் எண்ணெயும் சேர்ந்தால் பழையபடி பசைதான்.

சாவிக்கொத்து:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பித்தளை என்றதும் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். வெளியே தேய்க்கலாம், ஆனால் புளித்தண்ணீர் துளைக்குள் போகக் கூடாது. ஸ்பிரிங் இரும்பாக இருந்தால் துரு ஏறி ஒடிந்துவிடும். ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் அந்தப் பூட்டைப் பிரிக்காமல் எதுவும் செய்ய முடியாது.

ஊர்சுற்றி:
சரி, நான் அறுக்கச் சொன்னதை விடுங்கள். ஒரு சந்தேகம், இப்படிப் பழகுவதில் சிக்கல் ஒன்றும் வராதா?

தாமிரபரணிக்கரை:
இந்தப் பழக்கத்தில் இருக்கிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கிற விதி இரண்டு. உன்னுடைய பூட்டை, அல்லது உரிமையாளர் வாயால் சம்மதம் சொன்ன பூட்டை மட்டும் தொடு. தினமும் பயன்பாட்டில் இருக்கிற பூட்டில் பழகாதே, உள்ளே ஏதாவது பழுதானால் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். என் பங்குக்கு மூன்றாவது ஒன்று: கருவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். ராத்திரி ஜங்ஷன் பக்கம் போலீஸ்காரர் பையைப் பார்த்தால் விளக்கம் சொல்வது கஷ்டம்.

பாளைவாசி:
போன வாரம் அண்ணாச்சி சொன்னபடியே செய்தேன். முதலில் வடிந்தது கெட்டியான கறுப்பு, அதில் பச்சைத் துகள்களும் இருந்தன. காய்ந்த பிறகு தாழைத் தள்ளிவிட்டு விட்டால் லீவர்கள் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது! இப்போது மூன்று லீவர் வரை நிற்கிறது. நான்காவதைத் தூக்கும்போது தாழ் நன்றாக நகர்ந்து, திறக்கப்போகிற மாதிரி இருந்து, நின்றுவிடுகிறது.

சாவிக்கொத்து:
நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள். சில பூட்டுகளில் லீவரின் வெட்டு தொடங்குகிற இடத்தில் குட்டிப் பற்கள் இழைத்திருப்பார்கள். முளை அதில் மாட்டிக்கொண்டு, சரியான இடத்துக்கு வந்துவிட்டது போல ஏமாற்றும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் ஆழமாகக் கடிக்கும். விரலில் எடையே இல்லாத அளவுக்குத் தாழைத் தளர்த்துங்கள். முழுசாக விட்டுவிடக் கூடாது, விட்டால் மற்ற லீவர்கள் விழுந்துவிடும். தளர்த்திக்கொண்டே ஒவ்வொரு லீவராகத் தொட்டுப் பாருங்கள். எது கரகரவென்று தடுக்கிறதோ அதுதான் பல்லில் மாட்டியது. அதைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்குங்கள்.

பொறுமைக்கு ஒரு கதை. 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். அதே ஆள் பிராமா என்ற இன்னொரு நிறுவனத்தின் பூட்டுக்கு 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்தார். சப் பூட்டில் ஒரு லீவரை அதிகமாகத் தூக்கினாலே மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு உண்டு. அதையே அவர் எந்த லீவர் எவ்வளவு உயரம் என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்திக்கொண்டார். பூட்டு தடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் அதன் உள்கணக்கைச் சொல்லுகிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் வாசகி:
இழையின் நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பின் பூட்டிலும் இதே மாதிரிதான். உருளை கொஞ்சம் திரும்பி நிற்கிறது, திறக்கவில்லை. எல்லாப் பின்னும் தளர்வாக இருக்கின்றன.

தாமிரபரணிக்கரை:
அக்கா, அதில் ஸ்பூல் பின் இருக்கிறது. நடுவில் இடை சிறுத்த பின். ஒவ்வொரு பின்னாக லேசாகத் தூக்கிப் பாருங்கள். எதைத் தூக்கும்போது உருளை பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கிறதோ, அதுதான் ஸ்பூல். அப்போது டென்ஷன் கம்பியை, அதாவது உருளையைத் திருப்ப அழுத்தம் கொடுக்கிற கம்பியைத் தளர்த்தி, அது பின்னால் போக இடம் கொடுங்கள். வேறு ஒரு பின் விழுந்தால் பயப்படாமல் அதைத் திரும்ப ஏற்றுங்கள்.

பாளைவாசி:
திறந்துவிட்டது! இரண்டாவது லீவர்தான் பல்லில் மாட்டியிருந்தது, நான்காவது இல்லை. தளர்த்தித் தொட்டதும் கரகரப்பு அப்படியே விரலுக்குத் தெரிந்தது. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி, இதற்குச் சாவி போட முடியுமா? ஆச்சி இதே பூட்டைத்தான் மறுபடி போட வேண்டும் என்கிறார்கள்.

பேட்டை ரிப்பேர்க்காரர்:
சந்தோஷம் தம்பி. போடலாம். வளையத்தைத் திறந்த நிலையிலேயே வைத்திரு, அழுத்திப் பூட்டிவிடாதே. தண்டு துளைக்குச் சரியாகப் பொருந்துகிற வெற்றுச் சாவி முதலில் வேண்டும். அதன் நாக்கை விளக்குப் புகையில் கரிபிடிக்க விட்டு, உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பினால் லீவர் படுகிற இடம் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் தேய்க்கணும், மறுபடி கரி, மறுபடி தேய்ப்பு. ஒரு இழை அதிகமாகத் தேய்த்தால் அந்தச் சாவி போச்சு. அதனால் முதல் சாவியை நீ தேய்க்காதே. டவுனில் கையால் அரம் பிடித்துச் சாவி போடுகிறவர் யாரிடமாவது கொண்டு போ, பக்கத்தில் நின்று பார். மிஷினில் நகல் எடுக்கிற கடையில் இது நடக்காது, நகல் எடுக்க அவர்களுக்கு ஒரு மூலச்சாவி வேண்டும். இரண்டாக வாங்கிக்கொள், ஒன்று ஆச்சியிடம் இருக்கட்டும்.