வாழை இலைக்குப் பின்னால் வெயில்

ஒரு விளம்பரப் படத்துக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வாழைத்தோப்பு செய்துகொண்டிருந்தோம். இலைகளுக்குப் பின்னாலிருந்து காலை வெயில் வரவேண்டும். காற்றில் கிழிந்த கீற்றுகள் வரை மாடலிங் சரியாக இருந்தது. கணினி ஒளியைக் கணக்கிட்டுத் தரும் இறுதிப் படத்தில், அதாவது ரெண்டரில், மட்டும் எல்லாம் பச்சை பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். ஒளியை ஊடுருவ விடும் டிரான்ஸ்லூசன்ட் தன்மையை, இரண்டு ஒளியை அப்படியே கூட்டிவிடும் ஆட் ஷேடர் வழியாகச் சேர்த்தேன்; தோப்பே டியூப்லைட் போல எரிந்தது.

மறுநாள் அம்மா வீட்டுக் கொல்லையில் ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தேன். மேல்புறம் வானத்தின் நீலம் படிந்த பச்சை. அடிப்புறம் சாம்பல் பூத்த வெளிர்பச்சை. ஊடுருவி வந்த ஒளியோ மஞ்சள் தூக்கலாக இருந்தது. மூன்றுக்கும் நான் ஒரே டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டும் நிறப்படத்தை, போட்டிருந்தேன்.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிவிடும். 550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைதான் அதிகம் தப்பிக்கும். ஆனால் ஒளியைச் சிதறடிக்கும் பெரிய வேலையைச் செய்வது செல்களுக்கு இடையிலுள்ள காற்று. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் செல்சுவருக்கு 1.4க்கு மேல், காற்றுக்கு 1. அந்த எல்லைகளில் பட்டுப்பட்டுத்தான் கதிர் திசை மாறுகிறது. கட்டுச்சோற்றுக்கு இலையைத் தணலில் வாட்டினால் கருத்துவிடும் அல்லவா? காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்து சிதறல் குறைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு இலைத்துண்டுகளின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, லைட்பாக்ஸில் வைத்து மூன்றாவது படமும் எடுத்தோம். ஆட் ஷேடரைத் தூக்கிவிட்டு, கூட்டாமல் பங்கு போட்டுக் கலக்கும் மிக்ஸ் ஷேடர் வைத்தேன். திரும்பும் ஒளியும் ஊடுருவும் ஒளியும் சேர்ந்து, விழுந்த ஒளியைத் தாண்டவே கூடாது. மேல்பரப்பின் மினுமினுப்புக்குப் பச்சை ஏற்றாதீர்கள். அது மெழுகுப் படலத்திலேயே பட்டுத் திரும்புவது, பச்சையத்தைத் தொடுவதில்லை.

குருத்து இலைக்கு ஸ்கேன் கிடைக்கவில்லை. அதற்கு பிராஸ்பெக்ட் என்ற கணித மாதிரி கைகொடுத்தது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து பயிர்களைப் படிக்க ஜாக்மூ, பாரே இருவரும் 1990இல் வெளியிட்டது. இலையைத் தட்டுகளின் அடுக்காக எண்ணி, பச்சைய அளவு, நீர், உள்ளமைப்பு என மூன்று எண்களைக் கொடுத்தால் எவ்வளவு ஒளி திரும்பும், எவ்வளவு ஊடுருவும் என்று 400 முதல் 2500 நானோமீட்டர் அலைநீளம் வரை கணக்கிட்டுத் தரும். பச்சையத்தைக் குறைத்தேன், குருத்தின் இளமஞ்சள் வந்துவிட்டது.

கடைசி ரெண்டரில் ஓர் இலைமேல் இன்னொன்று படர்ந்த இடமெல்லாம் நிறம் தானாகவே அடர்ந்து இருண்டிருந்தது. அதை நாங்கள் யாரும் வரைந்து வைக்கவில்லை.