மாடி அறைக் கணினியில் மட்டும் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது, உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ரவுட்டர் கீழே ஹாலில், டிவி ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. கணினி மாடி அறையில். டெஸ்க்டாப், விண்டோஸ் 10. அதில் வைஃபை கிடையாது என்பதால் நகம் அளவில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி சிபியுவின் பின்பக்கம் செருகியிருக்கிறேன். ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம்.

சில நேரம் மணிக்கணக்கில் நன்றாக ஓடுகிறது. திடீரென்று அறுந்துவிடுகிறது. வைஃபை குறி அப்படியே இருக்கும், பக்கம் எதுவும் திறக்காது. கூகுள் டிரைவில் ஆல்பம் ஏற்றும்போது பாதியில் நின்றுபோய், மறுநாள் பிரிண்டுக்குப் போக வேண்டிய வேலை தேங்கிவிடுகிறது. ஆனால் அதே மேசையில் இருக்கும் என் கைபேசியில் ஒரு பிரச்சினையும் இல்லை!

ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியாயிற்று. இணைப்பு கொடுத்தவர்களின் ஆள் வந்து, கைபேசியில் வேகம் சோதித்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறது என்றார். கடையில் கேட்டால் மெஷ் ரவுட்டர் (வீடு முழுக்க வைஃபை பரப்ப ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் வைக்கும் வகை) வாங்கச் சொல்கிறார்கள். விலை அதிகம். வாங்கினால் தீருமா?

நிலாச்சோறு:
எனக்கும் இப்படி இருந்தது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பிரிவைத் திறந்து, உங்கள் வைஃபை அடாப்டரின் பண்புகளில் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். அப்புறம் ரவுட்டரில் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அவைதான்.

செம்புக்கம்பி:
மெஷ் வாங்க அவசரப்படாதீர்கள் சகோதரி. கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே லைனில் இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. அது தெரியாமல் செலவு செய்யக் கூடாது. கைபேசியில் எடுத்த வேகச் சோதனை உங்கள் கணினியைப் பற்றி எதுவும் சொல்லாது.

கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல் இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை) ரவுட்டரின் முகவரிக்கு ஓடட்டும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). இன்னொன்றில் 8.8.8.8-க்கு (வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரி). முகவரிக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் சின்ன டி எழுத்தும் சேர்த்தால், நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கம்போல வேலை பாருங்கள். அறுகிற நேரத்தில் இரண்டும் நின்றால் கோளாறு உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில். ரவுட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் நின்றால் லைனில். அந்த நேரத்தில் கணினியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பல சமயம் விடை அதில்தான் இருக்கும்.

கைபேசி எந்த வைஃபை பெயரில் இணைந்திருக்கிறது, அடாப்டர் எந்தப் பெயரில் என்றும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
நிலாச்சோறு சொன்ன டிக்கை எடுத்தேன், சேனலையும் மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை.

பிங் ஓடவிட்டேன் அண்ணா. இரண்டும் ஒரே நேரத்தில்தான் நிற்கின்றன. ரவுட்டருக்கு சாதாரணமாக 3, 4 மில்லிசெகண்டில் பதில் வருகிறது. பிறகு நூறு, எண்ணூறு என்று ஏறி, பதிலே வராமல் போகிறது. நீங்கள் குறிக்கச் சொன்னதால் ஒன்று கண்ணில் பட்டது. ஹார்ட் டிஸ்கிலிருந்து போட்டோக்களை காப்பி பண்ணும்போதுதான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. அது வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க். கணினிக்கு வேலை அதிகமாவதால் இருக்குமோ?

கைபேசி, பெயரில் 5ஜி என்று முடியும் வைஃபையில் இருக்கிறது. அடாப்டரில் அந்தப் பெயரே தெரிவதில்லை.

செம்புக்கம்பி:
கணினிக்கு வேலை அதிகமாவது காரணமில்லை. அந்த ஹார்ட் டிஸ்க், வைஃபை அடாப்டருக்குப் பக்கத்தில் நீல நிற யுஎஸ்பி துளையில் இருக்கிறதா?

அப்படியென்றால் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. நீல நிறம் பொதுவாக யுஎஸ்பி 3. அதில் தகவல் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது செருகி, கேபிள், டிஸ்க் மூன்றிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் அடாப்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. பக்கத்தில் மிக்சி ஓடினால் கீழ்வீட்டிலிருந்து பேசுகிறவர் குரல் கேட்காது அல்லவா, அந்த நிலையில் இருக்கிறது அடாப்டர். பெயரில் 5ஜி என்று முடிவது 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை. கைபேசி அதில் இருப்பதாலும் டிஸ்கை விட்டுத் தள்ளி இருப்பதாலும் தப்பித்துக்கொள்கிறது. போதாததற்கு, அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் சிபியுவின் தகரப் பெட்டி வேறு.

பிங்கை ஓடவிட்டுப் பெரிய ஃபோல்டர் ஒன்றைக் காப்பி பண்ணுங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்கை முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றிவிட்டு, காப்பி ஓடிய அதே அளவு நேரம் பிங்கைப் பாருங்கள். சந்தேகம் உறுதியானால் ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் மட்டும் வாங்குங்கள். அதைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளையில் செருகி, முனையில் அடாப்டரை மாட்டி, மேசைமேல் ரவுட்டர் பக்கம் பார்த்து வையுங்கள். சின்ன அடாப்டருக்கு யுஎஸ்பி 2-இன் வேகம் தாராளம். ஹார்ட் டிஸ்கை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

வைகைக்கரை:
நீங்கள் சொன்னது சரி அண்ணா. நீலத் துளைதான், அடாப்டருக்கு அடுத்ததே! காப்பி ஓடினால் பிங் தடுமாறுகிறது. டிஸ்கைக் கழற்றினால் 3, 4 என்று அசையாமல் நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுவிட்டேன். இப்போது காப்பியும் அப்லோடும் ஒன்றாக ஓடுகின்றன, இரண்டு ஆல்பம் முழுசாக ஏறிவிட்டது. இத்தனை நாள் லைன்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி.

5 ஜிகாஹெர்ட்ஸ் அடாப்டர் வாங்கினால் இன்னும் வேகம் கிடைக்குமா?

செம்புக்கம்பி:
கிடைக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் 2.4 அளவுக்குத் தாண்டாது, ஆனால் உங்கள் கைபேசி அதே மேசையில் அதைப் பிடிக்கிறது என்பதால் துணிந்து வாங்கலாம். நகம் அளவு வேண்டாம், ஆன்டெனா உள்ளதாகப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அப்லோடுதான் பிழைப்பு என்கிறவர்கள் கம்பி இழுத்துவிடுவதே நல்லது. மாடிப்படி ஓரமாக கேட் 6 கேபிள் ஒன்று போதும். ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை போகும், உங்கள் வீட்டுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. டெஸ்க்டாப்பின் பின்னால் அதற்கான துளை ஏற்கெனவே இருக்கும்.

நிலாச்சோறு:
இதைப் படித்ததும் ஒரு சந்தேகம். என் வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது திணறுகிறது. பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை. அதன் ரிசீவரும் பென்டிரைவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதே காரணமா?

செம்புக்கம்பி:
யுஎஸ்பி 3 பென்டிரைவ் என்றால் வாய்ப்பு அதிகம். யுஎஸ்பி ரிசீவரோடு வரும் மவுஸ்களும் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன. ரிசீவரை முன்பக்கத்து யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றிப் பாருங்கள். செலவே இல்லை.