‘நல்ல வலி’யை ‘குட் பெயின்’ ஆக்கிடாதீங்க

களியக்காவிளைக்காரர், இப்போ இங்கிலாந்து லீட்ஸில்:
‘குட்’ங்கிற சொல்லை எங்கே போடணும், எங்கே போடக்கூடாது? ஆஸ்பத்திரி, கடை, பக்கத்து வீடு, மூணுக்கும் சொல்லுங்கண்ணே.

மார்த்தாண்டம்:
முதல்ல ஆஸ்பத்திரி, தம்பி. நம்ம பக்கம் ‘நல்ல’ன்னா பாதி நேரம் ‘ரொம்ப’ன்னுதான் அர்த்தம்: நல்ல மழை, நல்ல பசி, நல்ல வலி. மலையாளத்திலும் அப்படியே, அதனால கேரள எல்லை தாண்டினாலும் தப்பு தெரியாது. இங்கிலீஷ் ‘குட்’ அந்த வேலை செய்யாது. வலிக்கு ‘பேட் பெயின்’ இல்லைன்னா ‘சிவியர் பெயின்’, காய்ச்சலுக்கு ‘ஹை டெம்பரேச்சர்’, மழைக்கு ‘ஹெவி ரெயின்’, பசிக்கு ‘வெரி ஹங்ரி’. டாக்டர் ‘ஹவ் ஆர் யூ?’ன்னதும் வாய் தானா ‘குட், தேங்க்ஸ்’னு சொல்லிடும். அது வணக்கத்துக்குப் பதில் வணக்கம், பரவாயில்லை. ஆனா அங்கேயே நிறுத்தாதீங்க. எங்கே வலி, எத்தனை நாளான்னு உடனே தொடருங்க.

ஆனா நேரக் கணக்குல ரெண்டு மொழியும் ஒத்துப்போகும். ‘எ குட் டூ அவர்ஸ்’னா நம்ம ‘நல்லா ரெண்டு மணி நேரம்’தான், குறையாது. முன்னால ‘எ’ விட்டுட்டா வாக்கியம் நிக்காது.

சித்தூர்:
கடைக்கு நான் சொல்றேன். வாங்குறவர் வாயில ‘குட் ப்ரைஸ்’னா மலிவு, வித்தவர் ‘காட் எ குட் ப்ரைஸ்’னு சொன்னா கூடுதல் விலை. விலை அதிகம்னு முறையிட ‘டூ மச்’ போதும். நம்ம ‘நல்ல தண்ணி’யும் தெலுங்குல ‘மஞ்சி நீளு’ம் அங்கே ‘ட்ரிங்கிங் வாட்டர்’. நல்லெண்ணெயை ‘குட் ஆயில்’னு கேட்டா எவருக்கும் புரியாது. இந்தியக் கடையில ‘ஜிஞ்சலி ஆயில்’னு தேடுங்க. சீனப் பலசரக்கு வரிசையில கருஞ்சிவப்பா இருக்கிற ‘செசமி ஆயில்’ வறுத்த எள்ளு. ரெண்டு சொட்டு வாசனைக்குத்தான், இட்லிப்பொடிக்கு ஊத்தினா பொடி கசந்திடும். குமரிக்காரங்க நல்லமிளகுக்கு ‘பிளாக் பெப்பர்’.

பாலக்காடு:
பக்கத்து வீட்டுல டீ வேணுமான்னு கேட்டா ‘ஐ ஆம் குட்’னு சொல்லாதீங்க, கண்ணா. அதுக்கு ‘வேண்டாம்’னு அர்த்தம். டீ வராது, ரெண்டாவது தடவை கேட்கவும் மாட்டாங்க. நம்ம ஊர் உபசாரம் இல்ல அது. வேணும்னா ‘யெஸ், ப்ளீஸ்’.

‘குட்’டா ‘வெல்’லான்னு குழம்பினா தமிழ்ல சொல்லிப் பாருங்க. ‘நல்ல’ வந்தா குட், ‘நல்லா’ வந்தா வெல்: நல்ல பாட்டு, குட் சாங், நல்லா பாடுறா, சிங்ஸ் வெல். ருசி, மணம், தோற்றம் மட்டும் இதுக்கு அடங்காது. சாம்பார் நல்லா மணக்குதுன்னா ‘ஸ்மெல்ஸ் குட்’தான். திறமைக்கு ‘குட் அட் மேத்ஸ்’. ‘குட் இன்’ நம்ம பள்ளிக்கூடப் பழக்கம்.

இரவு ஏழு மணிக்கு ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழையும்போது ‘குட் ஈவினிங்’. ‘குட் நைட்’ கிளம்பும்போதோ தூங்கப் போகும்போதோ மட்டும்.

களியக்காவிளை:
‘ஃபார் குட்’னா நல்லதுக்குன்னு அர்த்தமாக்கா?

பாலக்காடு:
இல்லப்பா, ‘நிரந்தரமா’. தங்கச்சி கல்யாணத்துக்குப் போறவர் வீட்டுக்காரர்கிட்ட ‘ஐ ஆம் கோயிங் ஹோம் ஃபார் குட்’னு சொன்னா, அறையை வேற ஆளுக்கு விட ஏற்பாடு பண்ணிடுவார். ‘ஃபார் எ வெட்டிங், பேக் இன் த்ரீ வீக்ஸ்’னு சொல்லுங்க.