அமெரிக்காவில் இளங்கலை: மாநிலப் பாடத்திட்டப் பள்ளியிலிருந்து விண்ணப்பித்தால் எங்கே சிக்குகிறது? அனுபவப் பகிர்வு

எம்.எஸ். பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பிளஸ் 2 முடித்த கையோடு அமெரிக்கா போவது பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் காணோம். உங்கள் கண்முன்னே சிக்கிய ஒரு விஷயத்தைப் புனைபெயரிலாவது எழுதுங்கள். ஏஜென்ட் விளம்பரம் வேண்டாம்.

பள்ளி அலுவலகம், ஈரோடு

கௌன்சலர் மெயில்தான். காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளம்) கௌன்சலர், அதாவது பள்ளி சார்பில் ஆவணம் அனுப்புகிறவர், என்ற இடத்தில் தலைமையாசிரியர் பெயரைப் போடலாம், தப்பில்லை. ஆனால் அழைப்பு போய் விழுவது பள்ளியின் ஜிமெயிலில். அதில் எமிஸ் (கல்வித்துறைத் தளம்) சுற்றறிக்கைகளுக்கு நடுவே, பெரும்பாலும் ஸ்பாமில், கிடக்கும். பையன் "அனுப்பிட்டேன் சார்" என்பான், ஹெச்.எம். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்பார், இரண்டுமே உண்மை.

திறந்த பிறகுதான் வேடிக்கை. ஜிபிஏ (4க்குப் போடும் சராசரி மதிப்பெண்) எவ்வளவு, வகுப்பில் எத்தனையாவது ரேங்க், உங்கள் பள்ளியில் எத்தனை சதவீதம் பேர் நான்காண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று வரிசையாகக் கேட்கும். "ஏம்ப்பா, நம்ம 600க்கு இவனுங்க கணக்குல எவ்வளவு?" என்று ஹெச்.எம். கேட்க, யாரோ நெட்டில் கிடைத்த அட்டவணையைப் பார்த்து 3.7 என்று போட்டுவிட்டார்கள். போடவே கூடாது. பள்ளி ஜிபிஏ தருவதில்லை என்றால் தருவதில்லை என்றே குறிக்கலாம், அதற்கு இடம் இருக்கிறது. மதிப்பெண்ணை 100க்கு எவ்வளவு என்று உள்ளது உள்ளபடி கொடுத்தால் போதும். மாற்றிப் படிக்கும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஹெச்.எம். பச்சை மையில் கையெழுத்துப் போட்ட லெட்டர்ஹெட்டைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தார்கள். கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கீறல் மட்டும் இருந்தது. கலரில் எடுங்கள்.

நோட்டரி வேண்டாம், சேலம்

மேலே சொன்னது சரி. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்பதாம் வகுப்பு. அவர்கள் கேட்பது 9 முதல் 12 வரை. பத்தாவதுக்கு அரசு மதிப்பெண் சான்று இருக்கிறது. ஒன்பதாவதுக்கு அப்பா கையெழுத்துப் போட்ட ரேங்க் கார்டு, அது எந்த பீரோவில் இருக்கிறதோ! பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டில் இருக்கும், அதைப் பார்த்து ஒரே தாளில் நான்கு வருடத்தையும் தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை உண்டு, அதை ஜூலையிலேயே முடியுங்கள்.

இப்போது புதுச் சிக்கல். 2017-18 முதல் பிளஸ் 1க்குப் பொதுத்தேர்வு இருந்தது. விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி முதல் வாரம், பிளஸ் 2 முடிவு வருவதோ மே மாதம். ஆகவே கையில் இருந்த கடைசி அரசு முத்திரை பிளஸ் 1 மார்க்ஷீட்தான். 2025-26இலிருந்து அந்தப் பொதுத்தேர்வு இல்லை. இனி பத்தாவதுக்குப் பிறகு எல்லாமே பள்ளி சொல்லும் மதிப்பெண். அரையாண்டுத் தேர்வு இனி வெறும் ஒத்திகை இல்லை. பிப்ரவரி வாக்கில் போகும் மிட் இயர் ரிப்போர்ட்டில் (பள்ளி அனுப்பும் நடுவருட மதிப்பெண் அறிக்கை) ஏறப்போவது அந்த மார்க்தான்.

பிறகு, 40 ரூபாய் கொடுத்து நோட்டரி முத்திரை குத்திக்கொண்டு வருகிறவர்களே, அதை எந்தக் கல்லூரியும் கேட்கவில்லை. பள்ளியே நேராகப் பதிவேற்றுவதற்குத்தான் மதிப்பு.

ரேங்க் கார்டு, திருச்சி

இனிஷியல். தெரிந்த கதைதான், இருந்தாலும் அந்தச் சிவப்பு எழுத்து கண்ணைவிட்டுப் போகவில்லை. எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) மார்க் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது, கல்லூரி போர்ட்டலில் "வரவில்லை" என்றே நிற்கிறது. எஸ்ஏடி பதிவில் பெயர் 'கவின் எஸ்'. காமன் ஆப்பில் முதல் பெயர் கவின், கடைசிப் பெயர் சரவணன். மார்க் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் அங்கே இது வேறு ஒரு ஆளாகக் கிடக்கிறது. பெயர், பிறந்த தேதி, மெயில் மூன்றையும் வைத்துத்தான் கோப்போடு சேர்க்கிறார்கள். இந்தப் பையன் எஸ்ஏடிக்கு அப்பா மெயிலையும் விண்ணப்பத்துக்குத் தன் மெயிலையும் கொடுத்திருந்தான். மூன்றில் இரண்டு ஒட்டவில்லை.

அட்மிஷன் அலுவலகத்துக்கு எஸ்ஏடி பதிவு எண்ணோடு ஒரு மெயில் போட்டால் இணைத்துவிடுவார்கள். ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே விடுமுறை.

வரவு செலவு, நாமக்கல்

வருமானச் சான்றிதழ் 72,000. இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். இ-சேவையில் வாங்கும்போது ஏதாவது ஒரு திட்டத்தின் வரம்புக்குள் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் விழும் தொகை அது. அதே தாளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். உதவித்தொகை கேட்க நிரப்பும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்தில் வருடச் செலவு, பள்ளிக் கட்டணம், கடன் தவணை எல்லாம் தனித்தனியே கேட்கும். வருமானம் 72,000, தனியார் பள்ளிக் கட்டணம் மட்டும் 65,000. "மீதி 7,000 ரூபாயில் குடும்பம் எப்படி ஓடுகிறது என்று விளக்குங்கள்" என்கிற பாணியில் மெயில் வந்தது. கேட்டது நியாயமான கேள்விதான்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, ஆகவே ரிட்டர்ன் இருக்காது. அதைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்கலாம். கூடவே ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, பால் சங்க பாஸ்புக், சிட்டா அடங்கல் நகல், இவற்றின் ஆங்கிலச் சுருக்கம். நிஜமான தொகையைப் போடுங்கள். 3 லட்சமோ 4 லட்சமோ, டாலரில் அது குறைவுதான், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நாணயம் எது என்று கேட்குமிடத்தில் டாலரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரூபாயில் எண்களை அடித்த குடும்பமும் உண்டு. 4 லட்சம் ரூபாய்க்காரர் ஒரே கிளிக்கில் 4 லட்சம் டாலர்க்காரர் ஆகிவிட்டார்.

கிளை மேலாளர் (ஓய்வு)

நாமக்கல் நண்பரே, உதவித்தொகை கேட்பதே தப்பு என்று நினைக்கிறேன். கேட்டால் இடம் கிடைக்காது. கடன் வாங்கிப் போகட்டும்.

என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு இப்போதும் உறுத்துகிறது. நிலம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, 30 வருட வில்லங்கச் சான்று சுத்தம், மூலப்பத்திரம்கூட இருக்கிறது. எல்லாம் நஞ்சை. விவசாய நிலம் சர்ஃபேசி சட்டத்துக்குள் (கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி ஈட்டுச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சட்டம்) வராது, கடன் திரும்ப வராவிட்டால் வங்கி அதை நேராகத் தொட முடியாது, அதனால் ஈடாக ஏற்பது கடினம். அந்தப் பெரியவர் பத்திரக் கட்டைத் திரும்ப மஞ்சள் பையில் வைத்து, "இது நிலம் இல்லீங்களா சார்?" என்றார்.

இனி கேட்காத யோசனை. கடனுக்கு வருகிறவர்கள் ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வந்த பிறகு வருகிறார்கள். தலைகீழ். ஐ-20 தருவதற்கே முதல் வருடப் பணத்தைக் காட்டச் சொல்வார்கள், அதற்கே வங்கியின் சாங்ஷன் (கடன் ஒப்புதல்) கடிதம் வேண்டும். ஆகவே அட்மிஷன் கடிதமும் கட்டண விவரமும் வந்த அன்றே வித்யாலட்சுமி கல்விக்கடன் தளத்தில் பதிந்துவிட்டுக் கிளைக்கு வாருங்கள். வீடோ அங்கீகாரம் பெற்ற மனையோ இருந்தால் அதன் வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, மூலப்பத்திரம் மூன்றையும் தனி உறையில் வையுங்கள். வழக்கறிஞர் கருத்துரைக்கும் மதிப்பீட்டாளருக்கும் சேர்த்து இரண்டு மூன்று வாரம் போகும். அப்பா பெயர் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இன்னும் இழுக்கும். பணம் காட்ட உறவினரிடம் புரட்டி ஒரே நாளில் கணக்கில் போடுவது வேண்டாம். அந்த ஒற்றை வரவு ஸ்டேட்மென்டில் துருத்திக்கொண்டு தெரியும், விசா அதிகாரியும் அதைத்தான் கேட்பார். சாங்ஷன் கடிதத்தில் ரூபாய்த் தொகையோடு டாலர் மதிப்பையும் தேதியையும் அச்சிடச் சொல்லுங்கள். மேலாளர் பெயர், பணி எண், முத்திரை இல்லாத கடிதம் திரும்பி வரும்.

வரவு செலவு, நாமக்கல்

சார், மரியாதையோடு மறுக்கிறேன். கேட்டால் கிடைக்காது என்பது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா என்பதைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை, சேர்த்தால் தேவை முழுவதையும் ஈடுகட்டுகிறார்கள். நுழைவது குதிரைக்கொம்பு என்பது வேறு விஷயம். மற்ற பெரும்பாலான இடங்களில் நீங்கள் சொல்வது சரி, அங்கே கேட்பது கணக்கில் வரும். ஆனால் "வேண்டாம்" என்று குறித்து இடம் வாங்கிவிட்டுப் பிறகு கேட்டால், பல கல்லூரிகள் நான்கு வருடமும் தருவதில்லை. தனியார் கல்லூரியில் வருடச் செலவு 80,000 டாலரைத் தாண்டும் காலத்தில் எந்த வீட்டை அடகு வைப்பது?

நடுச்சாமம்

சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். காமன் ஆப்பில் கடைசி நாள் இரவு 11:59 என்பது விண்ணப்பிக்கிறவர் இருக்கும் ஊர் நேரம். அமெரிக்காவில் இன்னும் ஜனவரி 1 ராத்திரிதானே என்று ஜனவரி 2 காலையில் சாவகாசமாக உட்கார்ந்த பிள்ளை, சமர்ப்பிக்கும் பட்டன் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளி அனுப்பும் ஆவணங்களுக்குப் பல கல்லூரிகள் சில நாள் பொறுப்பார்கள், மாணவர் பகுதிக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

ஜெமினி பக்கம்

திருச்சிக்காரர் சொன்ன இனிஷியல் விசா வரை துரத்தும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரும் விசாவில் சர்நேமாக ஏறி, கிவன் நேம் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். நேர்காணலில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு இடத்திலும் "உங்கள் முதல் பெயர் எஃப்என்யூவா?" என்பார்கள்.

பதினொன்றாம் வகுப்பிலேயே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சர்நேம் காலியாக இருந்தால் அப்பா பெயரை அங்கே போட்டு மறுவழங்கலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதன் பிறகு எஸ்ஏடி, டோஃபல் (ஆங்கிலத் தேர்வு), காமன் ஆப் என்று வரிசையாகத் தொடங்குங்கள். வரிசை மாறினால் எல்லா இடத்திலும் பெயர் திருத்தக் கடிதம் எழுத வேண்டிவரும்.

ரேங்க் கார்டு, திருச்சி

@ஜெமினி பக்கம்: அண்ணே, பாஸ்போர்ட் மாறி மார்க்ஷீட்டில் 'எஸ்' என்றே இருந்தால்?

ஜெமினி பக்கம்

பிரச்சினை இல்லை தம்பி. 'எஸ் என்பது தந்தை பெயர் சரவணன்' என்று ஹெச்.எம். லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கி மார்க் பட்டியலோடு சேர்த்தே பதிவேற்றச் சொல்லுங்கள். கலர் ஸ்கேன்.